சிவப்பு டோக்கன் இன்னும் வரவில்லை

தொழிற்சாலைகளில் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். என்னைப் பேசச் சொன்னால் நிறுத்துவது கஷ்டம் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்கள், அது அவர்கள் தலையெழுத்து. எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்தில் உங்களுக்குப் பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போகலாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோலார் தங்க வயலில் ஊரிகத்துக்காரி. விடியற்காலை ரயிலைப் பிடித்து, பங்காருபேட்டை தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு, பெங்களூரில் இறங்கி வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. வேலை, ஆட்களுக்குப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுப்பது. எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கும், ஒழுங்காகப் படியுங்கள். எதிரே இருப்பவர் தலையை ஆட்டும்போது அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது கையேட்டில் இருக்காது. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு பெரியவர் இருந்தார். நான் வகுப்பு எடுக்கும்போது கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். முதல் நாள் நான் ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் போட்டு, மூச்சு விடாமல் பேசி முடித்தபோது அவர் தலை சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாவம், வயசாகிவிட்டது, சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கம்ப்யூட்டரை மூடினேன். உடனே கண்ணைத் திறந்தார். "நான் ரெண்டாவது ஸ்லைடுலயே தூங்கிட்டேன். நீ கடைசி வரைக்கும் பாக்கவே இல்ல. அப்போ யார்கிட்டம்மா பேசிக்கிட்டு இருந்த?" என்று கேட்டார். எனக்கு மானமே போய்விட்டது. அன்றிலிருந்து நான் திரையைப் பார்த்துப் பேசுவதை விட்டேன். அவரும் அன்றிலிருந்து என் வகுப்பில் நிஜமாகவே தூங்கினார், அது வேறு விஷயம்.

இன்னொன்று. "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர்களில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. கூட்டமாக, ராகம் போட்டு, "புரிஞ்சுது மேடம்" என்பார்கள். ஒரு தொழிற்சாலையில் தீயணைக்கும் சிலிண்டரைப் பற்றி அரை நாள் பாடம் எடுத்தேன். இது உங்கள் உயிரைக் காப்பாற்றும் சாமான், இதற்கு மரியாதை கொடுங்கள் என்று உருகி உருகிச் சொன்னேன். எல்லோருக்கும் புரிந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் போய்ப் பார்க்கிறேன், சிலிண்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, இழுக்க வேண்டிய அந்தப் பின்னைச் சுற்றி மஞ்சள் கயிற்றால் ஏழு முடிச்சுப் போட்டிருந்தார்கள். நெருப்புப் பிடித்தால் முதலில் கத்தரிக்கோல் தேட வேண்டும். மரியாதை கொடுங்கள் என்றேன், கொடுத்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? புரிந்ததா என்று கேட்காமல், செய்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கடைசி வேலையில்தான் அந்த நினைப்பு உடைந்தது. அது என் சொந்த ஊரிலேயே உடைந்ததால் பார்க்க ஆள் நிறைய இருந்தார்கள்.

எங்கள் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளை ஒட்டி ஒரு பை தைக்கும் யூனிட் வந்திருந்தது. சுரங்கம் மூடின பிறகு ஊரில் பாதிப் பேர் ரயிலில் குடியிருந்தோம் என்று சொல்லலாம், அப்படியிருக்க நடந்து போகிற தூரத்தில் ஒரு வேலை என்றால் சும்மாவா? பெண்கள்தான் அதிகம். அம்மா, மகள், நாத்தனார், மாமியார், மருமகள் என்று குடும்பம் குடும்பமாகச் சேர்ந்திருந்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னை மேனேஜர் பிரகாஷ் கூப்பிட்டனுப்பினார். பெங்களூர்க்காரர், நல்ல மனுஷர், எதற்கும் பதறுவார், பதறினால் பேச்சில் கன்னடம் கலந்துவிடும். யூனிட்டுக்கு வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்றுதான். அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் வந்து, நெருப்பு என்றால் ஆட்கள் ஒழுங்காக வெளியே வருகிறார்களா என்று பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் ஆர்டர் ஓசூருக்குப் போய்விடும். யூனிட்டை மூட வேண்டியதுதான்.

இதில் மற்றவர்களைவிட ஒருபடி அதிகமாகத் தவித்தவள் காஞ்சனா. தையல் பிரிவில் மூத்தவள், அவளைத்தான் ஃபயர் வார்டனாகப் போட்டிருந்தார்கள். அதாவது ஆபத்து என்றால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து கணக்குப் பார்க்கிற பொறுப்பு. ஆடிட் நல்லபடியாக முடிந்தால் சூப்பர்வைசர் வேலை நிரந்தரம் என்று பிரகாஷ் வாக்குக் கொடுத்திருந்தார். முடியாவிட்டால் பழையபடி ரயில்தான். "எம் பொண்ணு பேச ஆரம்பிச்சதே எனக்குத் தெரியாது மேடம். நான் போறப்போ தூங்கினு இருக்கும், வர்றப்போ தூங்கினு இருக்கும். ஞாயித்துக்கெழம ஒரு நாளு அது முழுசா ஒரு பாட்டு பாடுது, நான் மலைச்சிப் போயி நிக்கறேன்" என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, நானும் அந்த ரயிலில் போனவள்தானே.

வகுப்பு எடுத்தேன். பையை எடுக்காதே, செருப்பைத் தேடாதே, நேராக வெளியே வா, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு வைத்த இடத்தில் வந்து நில். எல்லோரையும் ஒருமுறை நடந்து காட்டவும் சொன்னேன், அழகாக நடந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு முதல் ஒத்திகை. மணியை அடித்தோம். மெஷின்கள் நின்றன. பெண்கள் எழுந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரும் வரிசையாகக் கையில் டம்ளரை எடுத்துக்கொண்டு கேன்டீன் முன்னால் போய் நின்றார்கள். டீக்கும் அதே மணிதான். கேன்டீன்காரர் கையில் கரண்டியோடு ஓடி வந்து என்னிடம் சண்டைக்கு நின்றார். "இன்னா மேடம், பால் இன்னும் பொங்கவே இல்ல, அதுக்குள்ள அடிச்சிட்டீங்க!"

பிரகாஷ் அன்றைக்கே பெங்களூருக்குப் போய் ஒரு சைரன் வாங்கி வந்தார். நாலு தெருவுக்குக் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். அந்த நாலு தெருவில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இரண்டு பேருமே அதைத் திருப்பிக் கொடுத்திருப்போம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கு அடியில் எங்கோ பாறை வெடித்தால் மேலே லைன் வீட்டில் பாத்திரம் ஆடும். நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதும். உடனே வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அப்படியே போட்டது போட்டபடி சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். எதிர்ப் பக்கம் ஓடியவர்களை நான் பார்த்ததே இல்லை. கீழேயிருந்து ஆட்களை ஏற்றிய கூண்டு, கேஜ் என்போம், ஏறி ஏறி வரும், ஒவ்வொரு முகமாகப் பார்ப்போம். நம் வீட்டு ஆள் வந்த பிறகும் பக்கத்து வீட்டு ஆள் வரும்வரை யாரும் நகர மாட்டார்கள். என் அப்பா ஏறி வருகிறவரைக்கும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். யூனிட்டில் வேலை செய்த பெண்களில் பலர் சுரங்கத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் வளர்த்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தானே.

இரண்டாவது ஒத்திகைக்குச் சைரன் ஊதியது. அடிவயிற்றில் இறங்குகிற சத்தம். நான் போர்டுக்குக் கீழே கழுத்தில் விசிலோடு நின்றிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, கட்டடத்தின் வாசல் படியில் செக்யூரிட்டி என் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"எங்க மேடம் ஓடறீங்க? நீங்கதான எல்லாரையும் வெளிய வரச் சொன்னீங்க?"

பயிற்சி கொடுக்க வந்தவளே நெருப்பைப் பார்த்து ஓடினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் ஓடினார்கள், உள்ளுக்குள்ளேயே. மாடியில் தைக்கிறவர்கள் கீழே பேக்கிங் பிரிவுக்கும், கீழே இருந்தவர்கள் மாடிக்கும், அவரவர் ஆளைத் தேடி ஓடினார்கள். காஞ்சனாவின் மாமியார் முனியம்மா பேக்கிங்கில் இருந்தார். வார்டனான காஞ்சனா மாமியாரைத் தேடி முன்பக்கப் படியில் இறங்கினாள். முனியம்மா மருமகளைத் தேடிப் பின்பக்கப் படியில் ஏறினார். கீழே ஆளைக் காணோம் என்று அவள் பின்பக்கமாக ஏற, மேலே ஆளைக் காணோம் என்று இவர் முன்பக்கமாக இறங்க, இப்படியே இரண்டு பேரும் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்ட குரல் சைரனையும் மீறிக் கேட்டது.

அதற்குள் கேட்டில் ஊர் வந்துவிட்டது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், மாவுக் கையோடு ஒரு பெண், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலைந்து பேர். "எங்க தங்கச்சி உள்ள கீது, கேட்டத் தொற!" என்று சத்தம். செக்யூரிட்டி படியில் என்னைப் பிடிப்பதா ஓடிப்போய்க் கேட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் கேட்டை விட்டுவிட்டார். பிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனு மேடம் இது? வெளிய போங்கன்னா ஊரே உள்ள வருது!"

ஒத்திகை முடிந்தபோது கட்டடத்துக்குள் இருந்தவர்கள், ஒத்திகை தொடங்கும் முன் இருந்தவர்களைவிட அதிகம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பாடம் தோற்றுப்போனால் நமக்கு முதலில் வருகிற யோசனை, அதே பாடத்தை இன்னும் சத்தமாக நடத்துவது. பிரகாஷும் அதைத்தான் சொன்னார். திட்டுங்கள், பயமுறுத்துங்கள், உள்ளே ஓடினால் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லுங்கள் என்றார். ஒரு நாள் டயம் கொடுங்கள் என்று கேட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டத்தில் என் டப்பாவோடு போய் உட்கார்ந்து, ஏன் உள்ளே ஓடினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

காஞ்சனா தலை நிமிராமல் சொன்னாள். "எங்க அத்தைக்கு ஒரு காது கேக்காது மேடம். நான் பாட்டுக்கு வெளிய போயி நின்னா, எங்கம்மாவ உள்ள வுட்டுட்டு நீ மட்டும் எப்டி வந்தன்னு எம் புருசன் கேக்க மாட்டாரா?"

"நான் மட்டும் இவள வுட்டுட்டுப் போவனா? அந்தக் கொழந்தைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் முனியம்மா. இதை மருமகளைப் பார்த்துச் சொல்லவில்லை, தயிர் சாதத்தைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது யூனிட் முழுக்கத் தெரிந்த விஷயம். ஏதோ மிக்ஸி தகராறு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லன்னு சொன்னாங்களே?" என்றேன்.

"பேசறது வேற மேடம்" என்றாள் காஞ்சனா. "இட்டுனு வர்றது வேற."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் இருந்தது. இவர்களுக்கு வெளியே வரத் தெரியாமல் இல்லை. தன் ஆள் வெளியே வந்துவிட்டதா என்று தெரியாமல் இவர்களால் நிற்க முடியாது. எனக்கே முடியவில்லையே. ஓடாதே என்று சொல்லி அந்தக் கால்களை என்னால் மாற்ற முடியாது, எங்கே ஓடினால் பதில் கிடைக்கும் என்பதை மட்டும் மாற்றலாம் என்று தோன்றியது.

சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு டோக்கன் உண்டு. அதைப் பார்த்தால் யார் மேலே வந்தார், யார் இன்னும் கீழே என்று தெரிந்துவிடும். அதையே இங்கே வைத்தோம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெரிய பலகை, அதில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்குக் கீழே பெயர். காலையில் வேலைக்குப் போகும்போது டோக்கனை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். சைரன் ஊதினால் ஓடி வந்து ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். பார்வையாளர்களுக்குச் சிவப்பு டோக்கன். அத்தனை ஆணியும் நிறைந்த பிறகு காஞ்சனா இரண்டாவது சைரன் கொடுப்பாள், அதுதான் ஆபத்து நீங்கியது என்கிற ஆல் கிளியர். அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது, யாராவது வராவிட்டால் வார்டன்தான் ஏற்பாடு செய்வாள்.

அடுத்த ஒத்திகையில் சைரன் ஊதியதும் அத்தனை பேரும் பலகையைப் பார்த்து ஓடி வந்த வேகத்தில் பலகை சாய்ந்துவிட்டது. முனியம்மா தன் டோக்கனை மாட்டுவதற்கு முன்னால் மருமகளின் ஆணியைத் தடவிப் பார்த்தார். காஞ்சனா மாமியாரின் ஆணியைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாகப் பலகையைப் படித்துவிட்டு, "எல்லாம் வந்துட்ச்சி" என்று கலைந்து போனார்கள். தள்ளாமல் ஓடி வருவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதுதான் பாக்கி இருந்தது.

ஆடிட்டர் வந்தார். மெலிந்த, இளம் வயசு மனுஷர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். சென்னைக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. சிரிக்கக் கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. காஞ்சனா அவருக்கும் சிவப்பு டோக்கன் கொடுத்தாள், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சைரனுக்கு முன்னால் எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு ஒரு வரிதான். "பயமா கீது மேடம்" என்றாள். "எனக்கும்தான்" என்றேன். வேறென்ன சொல்வது, நிஜம் அதுதான்.

சைரன் ஊதியது. நான் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், கால் மறுபடி ஏதாவது செய்துவிடக் கூடாது என்று. பெண்கள் இரண்டு படியிலும் இறங்கி, தள்ளாமல், அலறாமல் வந்து டோக்கனை மாட்டினார்கள். அவ்வளவு அழகாக வந்தார்கள். பிரகாஷ் மூச்சு விட்டார். சைரன் நின்றது. எல்லோரும் காஞ்சனாவின் கையைப் பார்த்தார்கள்.

காஞ்சனா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு வரல" என்றாள்.

சிவப்பு ஆணி காலி. ஆடிட்டர் மாடியில் ஜன்னல் பக்கம் நின்று ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஆடிட்டர்மா" என்றார் பிரகாஷ். "பாக்கறதுக்குதான் உள்ள நிக்கறாரு. எல்லாம் ஆயித்து, சைரன் குடு, பேகா, சீக்கிரம்!"

"டோக்கன் வரல சார்."

"அவருக்கெல்லாம் அது கெடையாதும்மா!"

"அவருக்கும் குடுத்தேன் சார். மாட்டல."

இதற்குள் கூட்டத்தில் ஒரு அசைவு. முனியம்மாதான் ஆரம்பித்தார். "அந்தப் புள்ள உள்ளயே கீதுடி! யாரனா போயி இட்டுனு வாங்க!" என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பின்னால் பத்துப் பேர். பழைய கால்கள் மறுபடி கட்டடத்தைப் பார்த்துத் திரும்பின. காஞ்சனா ஓடிப்போய் வாசலை மறித்துக் கையை விரித்து நின்றாள். "ஒருத்தரும் உள்ள போவக் கூடாது! அத்தை, பின்னாடி போ!" என்று கத்தினாள். அந்த மிக்ஸிக்குப் பிறகு மாமியாரிடம் அவள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அதுதான். முனியம்மா அதிர்ச்சியில் அப்படியே நின்றுவிட்டார்.

இதில் ஒரு விபரீதம் இருந்தது, பிறகுதான் எனக்கு விளங்கியது. இரண்டாவது சைரன் வரும்வரை தான் நின்று பார்க்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது ஆடிட்டருக்கு அவருடைய கம்பெனி சொல்லிக் கொடுத்த பாடம். கடைசி ஆள் வரும்வரை இரண்டாவது சைரன் கொடுக்கக் கூடாது என்பது காஞ்சனாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம். அவர் சைரனுக்காகக் காத்திருந்தார், இவள் அவருக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேருமே பாடத்தை நன்றாகப் படித்தவர்கள். நடுவில் வெயிலில் ஊரே நின்றது.

பிரகாஷ் என்னிடம் ஓடி வந்தார். கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போலிருந்தது. "மேடம், நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பா. அவருக்குக் கோவம் வந்தா ஆர்டர் போயிடும்!"

காஞ்சனா வாசலில் நின்றபடியே என் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று கண்ணாலேயே கேட்டாள்.

இவ்வளவு வருஷ உத்தியோகத்தில் எனக்கு இதுபோல் ஒரு இக்கட்டு வந்ததில்லை. சைரனைக் கொடு என்று நான் சொன்னால் கொடுத்திருப்பாள், ஆடிட் முடிந்திருக்கும். கொடுக்காதே என்று சொன்னாலும் நிம்மதியாக நின்றிருப்பாள். ஆனால் எதைச் சொன்னாலும், நாளைக்கு நிஜமாகவே புகை வரும்போது அவள் பலகையைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத் தேடுவாள். நான் அப்போது வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பேன். இன்னொரு பக்கம், நான் பேசாமல் இருந்து ஆர்டர் போய்விட்டால் இவள் மறுபடி அந்த ரயிலில் ஏற வேண்டும். என் வறட்டுக் கொள்கைக்கு ஒரு குழந்தை தன் அம்மாவை இழக்க வேண்டுமா? வாய் திறந்தே திறந்துவிட்டது.

நான் திரும்பி, பக்கத்தில் நின்ற செக்யூரிட்டியிடம், "உங்க ஊர்ல மழை உண்டா?" என்று கேட்டேன்.

அவர் மாரிகுப்பம்காரர். நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். "இங்க பேஞ்சா அங்கயும் பேயும் மேடம்" என்றார், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு. நான் ரொம்ப அக்கறையாக, கிணறுகளில் தண்ணீர் எப்படி, ராகி விதைத்துவிட்டார்களா என்றெல்லாம் விசாரித்தேன். அவர் சொன்ன ஒரு பதிலும் என் காதில் விழவில்லை. காஞ்சனாவிடம் எதுவும் சொல்லாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை.

முதுகுக்குப் பின்னால் காஞ்சனாவின் குரல் கேட்டது, கை மைக்கில். "மாடில நிக்கற சார்! செகப்பு டோக்கன் சார்! கீழ எறங்கி வாங்க!"

ஆடிட்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, தான் கணக்கில் சேர்த்தி இல்லை என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"டோக்கன் வாங்கினவங்க எல்லாரும் கணக்குதான் சார்! நீங்க வந்தாதான் இவங்கள உள்ள வுடுவேன். வெயில்ல நிக்கறாங்க, வாங்க!"

முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மருமகளின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "யப்பா, உங்கம்மா வந்து எம் புள்ள எங்கன்னு கேட்டா நாங்க இன்னா பதில் சொல்றது? எறங்குப்பா!"

ஜன்னலில் தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஆடிட்டர் முன்பக்கப் படியில் இறங்கி வந்தார், முகம் சிவந்திருந்தது. பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டார். ஆடிட்டர் நேராகக் கூட்டத்தைப் பார்த்து, "யார் இங்க இன்சார்ஜ்?" என்று கேட்டார்.

அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். முனியம்மா நீட்டினார், கேட்டுக்கு வெளியே நின்ற லைன் வீட்டுக்காரர்கள் கம்பிக்குள் கையை விட்டு நீட்டினார்கள், பயத்தில் பிரகாஷும் நீட்டினார். எல்லா விரலும் காஞ்சனாவைக் காட்டின. என் பக்கம் ஒரு விரல்கூட வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது, இல்லை என்று சொன்னால் பொய். அதே சமயம் கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

"நீங்க ஏன் ஆல் கிளியர் குடுக்கல?" என்று ஆடிட்டர் காஞ்சனாவைக் கேட்டார்.

"சொல்றேன் சார்" என்றாள். "மொதல்ல டோக்கன மாட்டுங்க."

அவர் பையில் தேடினார். முதலில் சாவி வந்தது, அப்புறம் கர்சீப், அப்புறம் டோக்கன். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு ஆணியில் அதை மாட்டினார். காஞ்சனா சைரன் கொடுத்தாள். முனியம்மா போய் ஆணியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த மனுஷரின் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவர் அப்போதுதான் சிரித்தார். அதற்கு அப்புறம் அவர் என்னென்னவோ கேட்டார், காஞ்சனா பதில் சொன்னாள், நான் கிட்டேயே போகவில்லை. போகும்போது பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஆர்டர் நின்றது. காஞ்சனாவின் வேலையும் நிரந்தரமானது.

மறுநாள் வழக்கம்போல நான் புறப்பட்டுப் போனேன். புதிதாகச் சேர்ந்த நாலு பெண்களுக்கு வகுப்பு எடுப்பதாக ஏற்பாடு. போனால், காஞ்சனா அவர்களைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி வைத்து, ஓடிக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். "புரிஞ்சுதான்னு கேக்க மாட்டேன், செஞ்சு காட்டுங்க" என்று என் குரலிலேயே அதட்டினாள். என்னைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது அவளுக்கு.

"நானே சொல்லிக் குடுத்துட்டேன் மேடம். நீங்க எதுக்கு வெயில்ல வந்துனு போயினு? இனிமே நாங்க பாத்துக்கறோம்."

டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா, போன ஒடனே வந்துட்ட?"

"வேலை போச்சு" என்றேன்.

"ஐயையோ. இன்னா தப்பு பண்ண?"

"ஒரு தப்பும் பண்ணல. இந்த ஒரு தடவ ஒழுங்கா சொல்லிக் குடுத்துட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. பரவாயில்லை. உங்களுக்கு விளங்கினால் போதும்.